மஞ்சள் அடிக்குது

கம்ப்யூட்டர் மாட்டிய அன்று வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன். அம்மா, கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு. எதிர்வீட்டு நர்ஸம்மா, ட்யூட்டி முடிந்து வந்த வெள்ளைச் சேலையோடு வாசற்படியில். மேல்விஷாரத்துப் பாய், தரையில், ஸ்க்ரூ டிரைவரோடு. நான், அவர் பக்கத்தில், பிரித்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில். அக்கா, நின்றுகொண்டு.

அக்கா எப்போதும் நின்றுகொண்டுதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங் அவள் வேலை. அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது. பதினாறு வருடம் அப்படி நின்றவள் வீட்டிலும் உட்கார மாட்டாள். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி ஜன்னலோரம் நின்று சாப்பிடுவாள். வெளிச்சம் அங்கேதான் என்பாள். சோற்றையும் வெளிச்சத்தில் பார்த்துத்தான் பிசைவாள்.

பாய் பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு பாகத்தையும் அக்கா முதலில் கையில் வாங்கினாள். திருப்பினாள். கட்டை விரலால் ஓரத்தைத் தடவினாள். மறுபடி திருப்பினாள். பிறகுதான் கொடுத்தாள்.

"யக்கோவ், ஒரு மணி நேர வேலை இது. நீங்க பாத்துக் குடுக்கறதுக்குள்ள சாமானே பழசாயிடும்" என்றார் பாய்.

"பாக்காம மாட்டுனா திரும்பக் கழட்டணும். பாத்தே மாட்டு."

நர்ஸம்மா சிரித்தாள். "உங்கக்கா ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தா டாக்டர் ஓடிடுவாரு."

அக்கா சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்தது கிராபிக்ஸ் கார்டு. அதில் ஒரு கீறல் தேடிக்கொண்டிருந்தாள்.

அக்கா இப்போது இல்லை. இருந்தபோது அவளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. இப்போதும் அதிகம் பேச எனக்கு வராது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

செக்கிங்கில் பழுதைக் காட்ட ஒரு ஸ்டிக்கர் உண்டு. சுண்டுவிரல் நகம் அளவு. சிவப்பு அம்பு. ரோலாக வரும். தையல் விலகினால் அங்கே ஒரு அம்பு. பசை கசிந்தால் ஒரு அம்பு. அம்பு ஒட்டிய ஷூ திரும்பி எங்கள் லைனுக்கு வரும். நான் தையல் லைன். ஒரே கூரை, நடுவில் முப்பதடி.

தங்கச்சி தைத்தது என்று அவள் ஒன்றையும் விட்டதில்லை. என்னுடையதை இரண்டு தடவை பார்ப்பாள். லைன் பெண்கள் அவளுக்கு அம்பக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். "அம்பக்கா வர்றாங்கடி, முதுகைக் காட்டாதீங்க" என்பார்கள். அப்படித்தான் ஒரு நாள் நடந்தது. என் ஜாக்கெட்டில் பின்பக்கம் தையல் விட்டிருந்தது. காலையில் அவள் ஓர் அம்பை ஒட்டிவிட்டுச் சொல்லாமல் போய்விட்டாள். நான் அதோடு சர்ச்சுக்குப் போய் முன் வரிசையில் முழங்காலில் நின்றேன். பின்னால் மொத்தச் சபையும் அம்பைப் பார்த்து ஜெபம் பண்ணியது.

"இன்னாக்கா இது?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"பழுது இருந்துச்சு. காட்டுனேன்."

"வாயால சொல்லக் கூடாதா?"

"சொன்னா மறந்துடுவ."

அவள் ஆரம்பத்தில் இப்படி இல்லை என்று அம்மா சொல்வாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு லோடு கிளம்பும் நாளில், வெளிநாட்டு ஏஜெண்ட் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே இடது கால் ஒரு பழுப்பு, வலது கால் வேறு பழுப்பு. உள்ளே இருந்த செக்கிங் முத்திரை அக்காவுடையது. லாரியில் ஏற்றிய மொத்தப் பெட்டியையும் இறக்கிப் பிரித்தார்கள். பிரித்து முடியும் வரை அந்த ஜோடியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டருகே நிற்கச் சொன்னார்கள். நின்றாள். வேலை விட்டுப் போன அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு போனார்கள். நானும் அந்தக் கேட் வழியாகத்தான் போனேன். நிற்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம். "பாக்கறவன் பாப்பான்" என்பாள். யார் பார்ப்பான் என்று கேட்டால் கையில் இருப்பதை மறுபடி திருப்புவாள்.

அவளைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு இடது தோள் இறங்கியிருந்தது. ஒருவருக்குப் பேச்சில் பொய் இருந்தது. ஒருவருக்கு என்ன என்று அவள் சொல்லவில்லை. எனக்கு ஒருவர் வந்தார். ராணிப்பேட்டையில் கெமிக்கல் கம்பெனி வேலை. நான் காபி கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அக்காதான் பார்த்தாள்.

"நகமெல்லாம் மஞ்சள். உடம்புக்குள்ள ஏறியிருக்குது. வேணாம்."

அந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு அப்படி ஆவதுண்டு. அம்மா ஒத்துக்கொண்டாள். நான் அவர் நகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் நடந்தது இது.

அடுத்த வருடம் கம்ப்யூட்டர்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் கை வரையும். சர்ச் ஹாலில் சாயந்திரம் டிசைன் கோர்ஸ் ஆறு மாதம் நடந்தது. ஷிப்ட் முடித்து, கை கழுவிவிட்டு அங்கே போவேன். கோர்ஸ் முடிந்ததும் கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரம் எங்கள் கம்பெனி சாம்பிள் ரூமில் ஓர் இடம் காலியானது. வெளிநாட்டுக்குப் போகும் முதல் ஷூ அங்கேதான் செய்வார்கள். அதன் பெட்டி, அதில் தொங்கும் டேக், எல்லாவற்றுக்கும் படம் போடும் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஃபேன் உண்டு.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ தையல் லைன்தானே?"

"கோர்ஸ் படிச்சிருக்கேன் சார்."

"சரி. மூணு ஸ்டைலுக்கு டேக் போட்டுக் கொண்டா. ரெண்டு மாசம் டைம். கடைசி சனிக்கிழமைக்குள்ள கம்ப்யூட்டர் ஃபைலா வேணும். நல்லா இருந்தா பாக்கலாம்."

பதினொரு வருடம் மெஷினில் குனிந்த முதுகு எனக்கு. ஊசி இரண்டு தடவை விரலுக்குள் போய் வந்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமையைத் தவிர நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

பாய் கம்ப்யூட்டர் மாட்டித் தருபவர். பாகம் பாகமாக வாங்கி மாட்டினால் விலை கம்மி என்றார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதித் தந்தார். டிசைனுக்கு ராம் என்கிற மெமரி ஜாஸ்தி வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். "எல்லாத்தையும் விட மானிட்டர்மா. அது கலர் தப்பாக் காட்டுச்சுன்னா நீ ஒண்ணு போடுவ, அச்சுல ஒண்ணு வரும்."

அக்கா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். "கலரா? அதை நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கம்பெனியில் கலர் பார்க்க அவளை மிஞ்சி ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள்.

லீவு போட்டுவிட்டுக் காலை ரயிலில் சென்னைக்குப் போனோம். ரிச்சி தெரு. அக்கா கைப்பையில் ஒரு வெள்ளைத் தோல் துண்டு வைத்திருந்தாள். கம்பெனியில் வெள்ளைக்கு அதுதான் அளவு. கடைக்காரரிடம் மானிட்டர் முழுக்க வெள்ளையாக்கச் சொன்னாள். துண்டைப் பக்கத்தில் பிடித்தாள்.

"மஞ்சள் அடிக்குது. வேற எடு."

வேறு எடுத்தார். அதுவும் மஞ்சள். மூன்றாவதும் மஞ்சள்.

"எனக்கு வெள்ளையாத்தான்க்கா தெரியுது" என்றேன்.

"உனக்குக் கண்ணு இல்லடி."

கடைசியில் துண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "துண்டே மஞ்சளாயிடுச்சு. பையில வெச்சு வெச்சுப் போயிடுச்சு" என்று அதைத் தெருவில் போட்டாள். "இனிமே நம்ம கண்ணுதான் அளவு."

ராம் வாங்கும்போது இரண்டு கேட்டோம். அக்கா இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தாள். "ஜோடி சேரல. ஒண்ணு பச்சை, ஒண்ணு கரும்பச்சை."

கடைக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். "ஏம்மா, இது இன்னா செருப்பா? உள்ள போற சாமான். யாரு பாக்கப் போறாங்க?"

"பாக்கறவன் பாப்பான்."

முதல் தடவை மவுஸ் வைக்கும் அட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். இரண்டாம் தடவை கீபோர்டும் வயரும். ரயிலில் அக்கா அந்த அட்டையைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். "இது நல்ல சாமான்" என்றாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மூன்றாம் தடவை நான் கடை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இன்னிக்கு வாங்கலன்னா நான் வீட்டுக்கு வர மாட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். எல்லாவற்றையும் வாங்கினாள். ஏழாவது மானிட்டர் அது. வாங்கும்போது அவள் முகம் கேட்டருகே நின்ற அன்றைப் போல இருந்தது.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, பாய் வந்து மாட்டினார். ஸ்விட்ச் போட்டார். ஃபேன் சுற்றியது. திரை வந்தது. அம்மா கட்டிலிலிருந்து "ஸ்தோத்திரம்" என்றாள். நர்ஸம்மா கை தட்டினாள். நான் மவுஸைப் பிடித்து ஒரு ஷூவின் ஓரத்தை வரைந்தேன். கோடு நேராக வந்தது.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பையிலிருந்து ரோலை எடுத்து, மானிட்டரின் சட்டத்தில் ஓர் அம்பை ஒட்டினாள்.

"இந்த மூலைல மஞ்சள் ஜாஸ்தி."

பாய் குனிந்து பார்த்தார். நர்ஸம்மாவும் பார்த்தாள். பாய் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை மூடாமல் வைத்தார். "நாளைக்கு ஒரு வயர் கொண்டாந்து மாட்டிட்டு மூடிடறேன். அது வரைக்கும் கை வைக்காதீங்க."

மறுநாள் காலை நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது வாசலிலேயே கம்பெனி வாசனை அடித்தது. பசை துடைக்கும் க்ளீனர். ஷூவைப் பெட்டியில் வைக்கும் முன் அதைத் தொட்டுத்தான் கறை எடுப்போம். மூக்கில் ஏறும்.

அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் தரையில் உட்கார்ந்து நான் பார்த்து வருடங்கள் இருக்கும். பெட்டி திறந்திருந்தது. கையில் கம்பெனித் துணி, பக்கத்தில் சின்ன பாட்டில். உள்ளே இருந்த போர்டில் கார்டு செருகும் வெள்ளைப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"எல்லாம் மஞ்சள். பழைய சாமானைத் தலையில கட்டிட்டான். தொடச்சா போயிடும்."

"அது வெள்ளைக்கா. வெள்ளையாத்தான் இருக்குது."

"நகரு, வெளிச்சம் மறைக்குது."

நான் குடத்தைக் கீழே வைத்தேன். ஸ்விட்சைப் போட்டேன். திரை வரவில்லை. உள்ளிருந்து விட்டு விட்டு ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

பாய் வந்தார். மோந்து பார்த்தார். "இதுல இன்னா ஊத்துனீங்க?"

"ஊத்தல. தொடச்சேன். க்ளீனர்" என்றாள் அக்கா.

"ஷூவுக்குப் போடறதா? யா அல்லா." விரலை ஒரு பட்டைக்குள் வைத்து எடுத்தார். விரல் பிசுபிசுத்தது. துணியில் இருந்த பழைய பசை கரைந்து உள்ளே இறங்கியிருந்தது. "உள்ள தகடெல்லாம் ஒட்டிக்கிச்சு. போர்டு போச்சும்மா. இந்த மாடல் கடையில ஸ்டாக் இல்ல, வேற வர மூணு வாரம் ஆகும்."

"சனிக்கிழமைக்கு?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஜன்னலோரம் போய் நின்றாள்.

"கறை இருந்துச்சு" என்றாள்.

அம்மா கட்டிலிலிருந்து, "விடும்மா, கூடப் பொறந்தவ" என்றாள். விட்டேன். சண்டை போட எனக்கும் தெரியாது. வேலைக்கு நேரம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்து போனோம்.

சனிக்கிழமை மூன்று டேக்கையும் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து கொண்டுபோனேன். மேனேஜர் நன்றாகத்தான் பார்த்தார். மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்தார்.

"அழகா வரைஞ்சிருக்கம்மா. ஆனா இது வேணாம். ஃபைல் வேணும்."

"போர்டு வந்துடும் சார். மூணு வாரம்."

"மூணு வாரம் சாம்பிள் நிக்காதும்மா."

போர்டு வந்தபோது அந்த நாற்காலியில் சென்னையிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். டிப்ளமோ படித்தவர். நல்ல மனிதர். வணக்கம் சொல்வார்.

கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. சர்ச்சுக்கு நோட்டீஸ் போட்டேன். இரண்டு கல்யாணப் பத்திரிகை போட்டேன். பகலெல்லாம் மெஷினில் குனிந்த பிறகு மறுபடி குனிய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மானிட்டர் முன் வந்து நிற்பாள். சில நாள் பார்த்துவிட்டுப் போவாள். சில நாள் ஓர் அம்பை ஒட்டுவாள். நான் அவற்றை எடுக்கவில்லை. கிடக்கட்டும் என்று விட்டேன். தினமும் அவள் கண்ணில் படட்டும் என்றும் விட்டேன்.

வீட்டு ட்யூப் லைட்டை இரண்டு தடவை மாற்றினாள். இரண்டும் மஞ்சள் அடிக்கிறது என்றாள். நர்ஸம்மாவின் சேலையைப் பார்த்து, "நீலம் போட்டு அலசுங்க" என்றாள். நர்ஸம்மா அதன் பிறகு வாசற்படிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

நான்கு வருடம் இப்படிப் போனது. பிறகு கம்பெனிக்கு வெள்ளை ஷூ ஆர்டர் ஒன்று வந்தது. முதல் நாள் போன அத்தனையும் அம்போடு திரும்பி வந்தது. இரண்டாம் நாளும். லைனில் பெண்கள் அழுதார்கள். "அம்பக்காவுக்கு இன்னா பேஜாரு? வெள்ளையை வெள்ளைன்னு ஒத்துக்க மாட்டேங்குதே" என்று என்னிடம் வந்து கேட்டார்கள். நான் ஊசியைப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் வந்தார். அக்காவின் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"இது இன்னா கலர்மா?"

"கிரீம் சார்."

புதுக் கட்டு ஒன்றைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு தாளை உருவினார். "இது?"

"அதுவும் கிரீம்தான். மட்டப் பேப்பர்."

யாரோ சிரித்தார்கள். முப்பதடி தூரத்தில் என் மெஷின் நின்றுவிட்டது. நான்தான் பெடலிலிருந்து காலை எடுத்திருந்தேன்.

வேலூருக்குக் கண் காட்டக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார். அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை. சர்க்கரை இருக்கறதால சீக்கிரமே வந்திருக்குது. எதைப் பாத்தாலும் பழுப்புக் கண்ணாடி வழியாப் பாக்கற மாதிரி தெரியும். மெதுவா ஏறுறதால அவங்களுக்கே தெரியாது."

"எத்தனை வருஷமா டாக்டர்?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும்."

போர்டை நினைத்தேன். ஏழு மானிட்டரை நினைத்தேன். நகத்தை நினைத்தேன்.

வெளியே பெஞ்சு காலியாக இருந்தது. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க?" என்றாள். "ஆபரேஷன் பண்ணணுமாம்" என்றேன். எத்தனை வருடம் என்று சொல்லவில்லை.

ஒரு கண் முடிந்து, பிறகு இன்னொரு கண். கம்பெனியில் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கடைசிக் கட்டு பிரித்து வீட்டுக்கு வந்த அன்று அம்மாவின் தலையைப் பார்த்து, "இவ்ளோ நரைச்சிடுச்சா?" என்றாள். சுவரைப் பார்த்தாள். ட்யூப் லைட்டைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றாள்.

"போடு" என்றாள்.

போட்டேன். திரை முழுக்க வெள்ளையாக்கினேன். ரிச்சி தெருவில் கடைக்காரர் செய்தது போல.

அவள் கிட்டே வந்தாள். தள்ளிப் போனாள். ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். பிறகு, போர்டைத் துடைத்த அன்றைக்குப் பின் முதல் தடவையாக, உட்கார்ந்தாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்."

அக்கா மானிட்டர் சட்டத்தில் ஒட்டியிருந்த அம்புகளை நகத்தால் கிளப்பினாள். பழசு, உடனே வரவில்லை. ஒவ்வொன்றாக உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் கையை இழுக்கவில்லை. உரித்து முடித்ததும் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

எண்ணினேன்.

பத்தொன்பது.